களிமண்ணிலிருந்து தொடங்கட்டும்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளும் தோழியரும் சுமேரியர், பாபிலோனியர் பற்றி ஆய்வுக் கட்டுரை தயாரிக்கிறார்கள். இருவரும் ஒருவரேதானா? எங்கிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: ஒருவரல்லர். இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் உருக், ஊர் முதலிய நகரங்களை எழுப்பிய சுமேரியரின் மொழிக்கு உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை. பின்னர் அங்கே தலையெடுத்த பாபிலோனியரோ அரபு, எபிரேயம் அடங்கிய செமிட்டிக் குடும்பத்து அக்காடிய மொழியினர். 'ஊர்' என்ற பெயர் நம் சொல்லைப் போல் ஒலிப்பதை மட்டும் வைத்து மாணவியர் உறவு கொண்டாடிவிட வேண்டாம்.

சுமேரியரிடமிருந்து பாபிலோனியர் பெற்ற எழுத்திலிருந்தே தொடங்கச் சொல்வேன். குளத்துக் களிமண்ணைப் பிசைந்து உள்ளங்கை அளவில் தட்டி, நாணல் தண்டைச் சீவி அதன் முனையால் எழுதிப் பார்க்கட்டும். கோடு இழுத்தால் மண் பிசிறும். அழுத்தினால் ஆப்பு வடிவம் சுத்தமாகப் பதியும். கி.மு. 3200 வாக்கில் படங்களாகத் தொடங்கிய எழுத்து ஏன் ஆப்புகளாக மாறியது என்பது அப்போது கைக்கே புரிந்துவிடும்.

நம் ஓலைச்சுவடி தீப்பட்டால் சாம்பல்தான். ஆனால் கி.மு. 612இல், பாபிலோனியருக்கு வடக்கே ஆண்ட அசீரியரின் நினிவே நகரம் எரிந்தபோது, அசூர்பனிபால் மன்னரின் நூலகத்துக் களிமண் பலகைகள் பல வெந்து இறுகி, பாபிலோனிய இலக்கியத்தையும் வானியலையும் நமக்குக் காத்துத் தந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

பாபிலோனிய மன்னர் ஹமுராபியின் சட்டங்கள் பொறித்த கல்லைப் பிறகு படிக்கலாம். 1901-02இல் ஈரானின் சூசாவில் கிடைத்த அக்கல்லில், ஒரே குற்றத்துக்கு உயர்குடியினர்க்கும் அடிமைக்கும் வெவ்வேறு நீதி இருப்பதை மாணவியர் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.