கணினி கேள்வி–பதில்: விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ்

கேள்வி: 2016-ல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட்டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. கடையில் கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். லினக்ஸ் போட்டால் ஓடுமா? எப்படிப் போடுவது?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: நன்றாகவே ஓடும், தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தையதோதான் கேட்கிறது. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. உங்கள் இயந்திரம் பழுதாகவில்லை, அதற்குரிய மென்பொருளுக்குத்தான் காலம் முடிந்துவிட்டது.

லினக்ஸில் பல வகைகள் உண்டு; முதன்முறை மாறுகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டைச் சொல்வோம். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ்காரர் கைக்குப் பழகிய இடத்திலேயே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேமுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். சினமன் பதிப்பும் ஓடும், ஆனால் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததும் திணறும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: பழைய ஹார்ட்டிஸ்க்கை அழிக்காதீர்கள், கழற்றி வையுங்கள். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, லினக்ஸை அதில் போடுங்கள். ஏதாவது சரிவராவிட்டால் நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பழைய டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் அப்படியே எழுந்து நிற்கும். இப்போதைய மந்தத்துக்கு முக்கால் காரணமும் சுழலும் அந்த ஹார்ட்டிஸ்க்தான், அதுவும் இதோடு தீரும். 2.5 அங்குல அளவு, 7 மி.மீ. தடிமன் என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளேயே பொருத்திய பேட்டரி என்றால் அதன் கனெக்டரை முதலில் பிரியுங்கள். ரேம் கூட்டுவதாக இருந்தால் பழைய ரேமின் லேபிளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டும் வந்தன, ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது.

இனி வேலை. பழைய டிஸ்க்கைக் கழற்றுமுன், விண்டோஸிலேயே மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்குங்கள், ஏறத்தாழ 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி–பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. பெலினா எட்சர் அல்லது ரூஃபஸ் வழியாக எழுத வேண்டும். எழுதி முடித்ததும் விண்டோஸ் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கக்கூடும். கேன்சல் கொடுங்கள். அங்கே ஓகே அழுத்திவிட்டு ‘பென்டிரைவ் வேலை செய்யவில்லை’ என்று எழுதும் வாசகர்கள் நிறைய.

பென்டிரைவோடு ஆன் செய்து, லோகோ வரும்போது பூட் மெனு விசையைத் தட்டுங்கள்: டெல், லெனோவாவில் எஃப்12; ஹெச்பியில் எஃப்9; ஏஸரில் எஃப்12தான், ஆனால் பயாஸில் (விண்டோஸ் எழுமுன் திறக்கும் அமைப்புத் திரை) அந்த மெனுவை முதலில் இயக்கி வைத்திருக்க வேண்டும். டெஸ்க்டாப் வந்ததும் ‘இன்ஸ்டால்’ ஐகானைத் தொடாதீர்கள். இது பென்டிரைவிலிருந்து ஓடும் சோதனை ஓட்டம். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என எல்லாவற்றையும் பாருங்கள். வேகத்தை மட்டும் இதில் எடை போடாதீர்கள், பென்டிரைவ் மெதுவாகத்தான் படிக்கும். திரை கறுப்பாகவே நின்றால், மறுபடி ஆன் செய்து, பென்டிரைவ் எழுந்ததும் வரும் மின்ட் மெனுவில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டு உள்ள இயந்திரங்களில் இது வழக்கம். போட்டு முடித்தபின் டிரைவர் மேனேஜரில் அதற்குரிய டிரைவரை ஏற்றினால் தீர்ந்துவிடும். வைஃபை தெரியாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் கொடுங்கள். நெட் வந்ததும் அதே டிரைவர் மேனேஜரில் தேடலாம்.

எல்லாம் சரி என்றால் இன்ஸ்டால். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் கேட்கும் இடத்தில் டிக் போடுங்கள். ‘எரேஸ் டிஸ்க்’ என்று வரும்போது டிஸ்க்கின் கொள்ளளவை வாய்விட்டுப் படியுங்கள்: 240 என்றால் புதியது, 1000 என்றால் கையை எடுங்கள்.

கேள்வி: எனக்கு விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும். இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை. ஏன்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: பயாஸில் சாட்டா மோட் ‘ரெய்டு’ அல்லது ‘இன்டெல் ஆர்எஸ்டி’ என்று இருக்கும். ‘ஏஹெச்சிஐ’ ஆக்கினால் டிஸ்க் தெரியும். ஆனால் நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும், ஏனென்றால் பூட் ஆகும்போது பழைய டிரைவரையே தேடும். எனவே முதலில் விண்டோஸில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். உடனே பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும், புது டிரைவரை ஏற்றிக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண்ணை ஏற்காமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டைக் கையில் வைத்திருங்கள். ஏஸர் லேப்டாப் சிலவற்றில் இந்த அமைப்பு மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் வெளிவரும்.

இதற்கெல்லாம் முன்னால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரைப் பாருங்கள். நீங்கள் போடாமலேயே ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் கை வைத்தபின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும், அது இல்லாவிட்டால் ஃபைல்கள் போனதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக் காகிதத்தில் எழுதுங்கள், அல்லது என்கிரிப்ஷனை அணைத்து அது முழுதாக முடியும்வரை காத்திருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்துங்கள். அது ஓடும்வரை ‘ஷட் டவுன்’ என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எதையும் எழுத முடியாது.

கேள்வி: இரண்டும் போட்டபின் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது. பேட்டரி கோளாறா?
— வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸோ அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி. லினக்ஸையும் உள்ளூர் நேரமே எழுத வைக்க டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை போதும்.

கேள்வி: டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். வானவில், பாமினி எழுத்துருவில் பழைய ஃபைல்கள், ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரின்டர், டேலி கணக்கு. மாறலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: டேலி பிரைம் விண்டோஸுக்கென எழுதப்பட்டது. கடைக் கணக்கு அதில் ஓடும்வரை அந்தக் கணினியைத் தொடாதீர்கள், இன்னொன்றில் லினக்ஸ் போடுங்கள்.

பழைய ஃபைல்கள் லிப்ரே ஆஃபிஸில் திறக்கும், அந்த எழுத்துருக்களையும் லினக்ஸில் நிறுவினால் தமிழாகவே தெரியும். ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருதான் தமிழ் வேடம் கட்டுகிறது. நிரந்தரத் தீர்வு, மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்குக் கொண்டுபோவது. புதிதாக அடிக்க ‘ஐபஸ்’ என்ற தட்டச்சு மென்பொருளுடன் ‘எம்17என்’ பொதியை நிறுவி, அதில் தமிழ்99 சேருங்கள். கீபோர்டு லேஅவுட் பட்டியலில் இருக்கும் தமிழைச் சேர்த்தால் க-வை இருமுறை அடிக்கும்போது ‘கக’ என்றே நிற்கும். எம்17என் வழியாக வந்தால் தானே புள்ளி வைத்து ‘க்க’ ஆக்கும். வேகமாக அடிக்கிற கைக்கு இது பெரிய வித்தியாசம்.

லேசர்ஜெட் 1020-க்கு சொந்த நினைவில் ஃபர்ம்வேர் (பிரின்டரை இயக்கும் உள் மென்பொருள்) கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். அதற்கு ஹெச்பிலிப் என்ற லினக்ஸ் பிரின்டர் மென்பொருளோடு ஹெச்பியின் பிளக்இன்னும் தேவை, இரண்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்டேட் வந்து ஹெச்பிலிப் மட்டும் உயர்ந்துவிட்டால் பிரின்டர் ஊமையாகிவிடும். பிளக்இன்னை மறுபடி நிறுவினால் பேசும்.

கேள்வி: அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது, இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. உங்கள் லேப்டாப்பில் இருப்பது அது கைக்கு வந்த ஆண்டின் பதிப்பு. அது பல ஆண்டு பழையது என்றால், அதிலுள்ள பிரவுசர் பல தளங்களைத் திறக்காது. வங்கி வேலைக்கு அதை நம்பவே கூடாது. ஃபைல்களைப் பிரதி எடுத்துவிட்டு, பாஸின் புதிய பதிப்பையோ மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-யையோ மேலே சொன்ன வரிசையில் போடுங்கள். 2 ஜிபி ரேம்தான் என்றால், முதலில் இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.