புதன்கிழமை வர வேண்டாம்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஒரு குழப்பத்தோடு எழுதுகிறேன். எங்கள் சபையில் சிறு குழுக்களாகப் பிரிந்து வேத ஆராய்ச்சி செய்கிறோம். எங்கள் குழுவில் ஏழு பேர், புதன்கிழமை மாலை கூடுகிறோம். நான்கு வருடத்தில் யோவான், ரோமர், யாக்கோபு, எபிரெயர் முடித்து இப்போது மலைப்பிரசங்கத்தில் இருக்கிறோம். இரண்டு வாரத்துக்கு முன் மத்தேயு 5:23, 24: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்லும் இடம். அன்று பாடம் எடுத்தது நான். பலிபீடம் இருந்தது எருசலேமில், கேட்டுக்கொண்டிருந்தவர்களோ கலிலேயாக்காரர்கள், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குப் போய் ஒப்புரவாகித் திரும்பி வருவதென்றால் பல நாள் நடை என்று விளக்கினேன். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். இத்தனை வருடத்தில் இதுதான் சிறந்த பாடம் என்று ஒருவர் சொன்னார்.

எனக்கும் என் அண்ணனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அப்பாவின் கடைசி நாட்களில் செலவு விஷயமாக நான் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். குழுவில் யாருக்கும் இது தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேத அறிவு கூடியிருக்கிறது, கீழ்ப்படிதல் கூடவில்லை. குழுவை விட்டுவிட்டுத் தனியாக வாசித்து ஜெபித்தால் போதாதா? சிறு குழுவால் ஒருவன் உண்மையிலேயே சீஷனாக வளர முடியுமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் விளக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. நான் பாடம் எடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கலிலேயாக்காரனுக்கு எத்தனை நாள் நடை என்று கணக்குப் போட்ட நீங்கள், உங்கள் அண்ணன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று எழுதவில்லை. அவருடைய நம்பர் உங்கள் போனில் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. நானும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்தான். ஒரு குழுவை ஆறு வருடம் நடத்தினேன். ஒருநாள் பாடம் முடிந்து ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போகும் நேரத்தில், அதிகம் பேசாத ஒருவர், "போன வாரம் எல்லாரும் ஏதோ தீர்மானம் பண்ணினோமே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டார். என்ன தீர்மானம் என்பதே எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. நோட்டைப் புரட்டினால் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'இந்த வாரம் நாவை அடக்க வேண்டும்.' யாக்கோபு 3ஆம் அதிகாரம். அடக்கினேனா என்று எனக்கே தெரியவில்லை. அடக்கவில்லை என்று வீட்டுக்குப் போனதும் என் மனைவி உறுதிப்படுத்தினாள்.

அதே யாக்கோபுதான் வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவனைக் கண்ணாடி பார்க்கிறவனுக்கு ஒப்பிடுகிறார். பார்க்கிறான், போகிறான், தன் சாயல் இன்னதென்று உடனே மறந்துவிடுகிறான். மறதியைவிட எனக்கு உறைப்பது அதற்கு முந்தைய வசனத்தில் வரும் "நீங்கள் உங்களை வஞ்சியாதபடிக்கு" என்ற சொல். வேறு யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. நன்றாகப் புரிந்துகொண்டதையே செய்து முடித்ததாக நம்மை நாமே நம்பவைத்துவிடுகிறோம். குறிப்பெடுத்த திருப்தி அதற்கு நன்றாக உதவும். அந்த இரவு உங்களுக்கு அந்த ஏமாற்று வேலை செய்யவில்லை. தூக்கம் கெட்டதில் எனக்குச் சந்தோஷமே.

கேட்பதையும் கீழ்ப்படிவதையும் பிரிக்க முடியாது என்பது நம் பேச்சுத் தமிழுக்கு நன்றாகத் தெரியும். "பையன் சொன்ன பேச்சு கேட்கிறதில்லை" என்று ஒரு தாய் சொன்னால், அவனுக்குக் காது மந்தம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எபிரெயத்திலும் இப்படித்தான். 'ஷமா' என்ற ஒரே சொல் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் வரும். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்" உத்தமம் என்று சவுல் ராஜாவிடம் சாமுவேல் தீர்க்கதரிசி சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது அந்தச் சொல்தான். கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லுக்குள்ளும் 'கேள்' என்ற வேர் இருக்கிறது. மத்தேயு 28ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களுக்குக் கொடுத்த கடைசிக் கட்டளையை மிஷனரிக் கூட்டங்களில் 'போங்கள்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள், வேதாகம வகுப்புகளில் 'உபதேசம்பண்ணுங்கள்' என்பதோடு. நடுவில் "நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி" என்று இருக்கிறது. அறியும்படி என்று இல்லை, கைக்கொள்ளும்படி. நம் மொழிபெயர்ப்பில் எனக்குப் பிடித்த சொற்களில் அது ஒன்று. தலையில் இருக்கிற விஷயம் கைக்கு வரவேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

இனி உங்கள் குழுவுக்கு வருகிறேன். நேரம் எங்கே செலவாகிறது என்று அடுத்த தடவை கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரக் கூட்டம் என்றால் பாட்டு, ஆரம்ப ஜெபம், வாசிப்பு, பின்னணி, கலந்துரையாடல். யாராவது வெளிப்படுத்தின விசேஷத்துக்குத் தாவினால் இருபது நிமிஷம் அதிலேயே போகும். கடைசி ஐந்து நிமிஷத்தில், "சரி, இதை நம் வாழ்க்கையில் எப்படிப் பொருத்துவது?" என்று கேட்பார்கள். "நாம் எல்லாரும் அன்பில் வளர வேண்டும்" என்று ஒருவர் சொல்வார். ஆமென். ஜெபத்தோடு முடிப்போம்.

அந்த 'நாம்' சரியான ஒளிவிடம். 'நாம் மன்னிக்க வேண்டும்' என்று சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை. 'நான் என் அண்ணனிடம் இந்த வாரம் பேச வேண்டும்' என்று சொன்னால் அடுத்த புதன்கிழமை ஆறு பேர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஜெபக்குறிப்புகளையும் கவனித்திருப்பீர்கள். மாமாவின் அறுவை சிகிச்சை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சை. எல்லாம் ஜெபிக்க வேண்டியவைதான், ஆனால் எல்லாம் வேறு யாருடையவோ. நான்கு வருடம் வாராவாரம் ஒன்றாக ஜெபித்த ஏழு பேரில் ஒருவருக்கும் உங்கள் அண்ணன் விஷயம் தெரியாது என்றால், தவறு உங்களுடையது மட்டும் அல்ல. அதைக் கேட்கும் கேள்வியே உங்கள் கூட்டத்தில் இல்லை.

ஒரு பழைய கதை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மக்களுக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். ஏழைகளால் முடியாதே என்றார் இன்னொருவர். அப்படியானால் மிக ஏழைகளான 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாதபோது நானே கொடுக்கிறேன் என்று முதல் ஆள் சொல்ல, மற்றவர்களும் அப்படியே ஆளுக்குக் கொஞ்சம் பேரை ஏற்றுக்கொண்டார்கள். வாராவாரம் வீடு வீடாகப் போனபோதுதான் யார் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரிய வந்தது. காசு வாங்கப் போனவர்கள் நலம் விசாரித்தார்கள், புத்தி சொன்னார்கள். பிறகு வீடு வீடாகப் போவதற்குப் பதில் எல்லாரும் ஓரிடத்தில் கூட ஆரம்பித்தார்கள். மெதடிஸ்ட் 'கிளாஸ்' கூட்டங்கள் பிறந்தது இப்படித்தான், கடன் வசூலிலிருந்து! பெயரில்தான் வகுப்பு. அங்கே யாரும் பாடம் எடுக்கவில்லை. பிரசங்கத்தை ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். கேட்டதை இந்த வாரம் எப்படி வாழ்ந்தீர்கள் என்பதே பேச்சாக இருந்தது.

அதற்கும் முன்பே, 1738இல், அதைவிடச் சிறிய குழுக்களுக்கு வெஸ்லி விதிகள் எழுதியிருந்தார். போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்தே செய்த பாவம் என்ன, என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினாய் என்று வாராவாரம் கேட்க வேண்டும். வாசிக்கவே உடம்பு கூசுகிறது, இல்லையா? ஆனால் சேருவதற்கு முன்பே ஒருவரிடம், "உன் குறைகளை உனக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறாயா?" என்று கேட்டுவிடுவார்கள். விரும்பியவர்தான் உள்ளே வருவார். இந்தச் சம்மதத்தை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது போலீஸ் விசாரணை.

அந்த ஆபத்து கற்பனை அல்ல. 1970களில் அமெரிக்காவில் 'ஷெப்பர்டிங்' என்று ஓர் இயக்கம் பரவியது. சீஷத்துவம் என்ற பெயரில் ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பருக்குக் கீழ்ப்பட வேண்டும் என்றார்கள். வேலை மாறுவது, கல்யாணம் போன்றவற்றுக்குக்கூட மேய்ப்பரின் சம்மதம் தேவை என்ற நிலை பல இடங்களில் வந்தது. பலர் நொறுங்கினார்கள். அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர் பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எனவே உங்கள் குழுவில் யாராவது 'நான் சொல்வதற்குக் கீழ்ப்படி' என்று தொடங்கினால், அப்போது தாராளமாக எழுந்து போய்விடுங்கள். கீழ்ப்படிதல் கிறிஸ்துவுக்கு. குழு உங்களுக்கு உத்தரவு போடக் கூடாது, 'அவர் உன்னிடம் சொன்னதைச் செய்தாயா?' என்று கேட்கலாம், செய்ய முடியாதபோது கூட நிற்கலாம். கலாத்தியர் 6இல் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று எழுதிய பவுலே மூன்று வசனம் தள்ளி அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் எழுதுகிறார். முரண்பாடு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒரே மேஜையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் புரியும்.

எல்லாவற்றையும் ஏழு பேர் நடுவில் கொட்டவும் வேண்டாம். சில விஷயங்களுக்கு ஒருவர் அல்லது இருவர் போதும். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் பேசுவது நல்லது. கேட்டது வெளியே போகக் கூடாது. ஆனால் யாருக்காவது தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை, உதவிக்கு உரியவர்களிடம் போயே ஆகவேண்டும்.

குழுவை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தனியாக வாசிப்பது நல்லது, தேவையும்கூட. ஆனால் தனியாக வாசிக்கும்போது நமக்குப் பொருந்தாத வசனங்களின் மேல் நம் கண் எவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்று யார் சொல்வது? எபிரெயர் முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 10:25ஐ, 'சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள்' என்பதை, வராதவர்களை மிரட்ட எல்லாரும் எடுப்பார்கள். எதற்காகக் கூடவேண்டும் என்பது முந்தின வசனத்தில் இருக்கிறது: "அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து." ஏவுவது என்று வரும் இடத்தில் கிரேக்கச் சொல் கொஞ்சம் முரட்டுத்தனமானது. அப்போஸ்தலர் 15இல் பவுலும் பர்னபாவும் கடுமையாக முட்டிக்கொண்டு பிரிந்ததற்கும் அதே சொல்தான். கொஞ்சம் சீண்டிவிடுகிற கூடுகை. அந்த மௌனமான மனிதர் எங்களுக்குச் செய்தது அதைத்தான்.

உங்கள் குழுவுக்கு ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். கடைசி ஐந்து நிமிஷத்தை முதலுக்குக் கொண்டுவாருங்கள். பாட்டுக்கும் முன்பே, 'போன வாரம் சொன்னதைச் செய்தோமா?' என்று ஆரம்பியுங்கள். செய்யவில்லை என்பதும் பதில்தான். ஏன் முடியவில்லை என்று அப்போதுதான் உண்மையான பேச்சு தொடங்கும். அதனால் மலைப்பிரசங்கம் முடிய இரண்டு வருடம் ஆனால் ஆகட்டும். இயேசுவோடு இரவும் பகலும் இருந்த பன்னிரண்டு பேர், கடைசி இராப்போஜனத்தின்போதுகூட தங்களில் யார் பெரியவன் என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர் அவர்களைக் கலைத்துவிடவில்லை.

உங்கள் வசனத்தில் நீங்கள் விளக்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்றுதான் இருக்கிறது. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. செலவு விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்ற கணக்கு இந்த வசனத்துக்குள் வரவே இல்லை. அவருக்கு வலிக்கிறது, அது உங்களுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. வசனத்துக்கு அவ்வளவு போதும்.

ஆகவே வருகிற புதன்கிழமை கூட்டத்துக்குப் போகாதீர்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொன்னவரே அனுமதி தந்திருக்கிறார். அந்த நேரத்தில் அண்ணனைப் போய்ப் பாருங்கள், முடியாத தூரம் என்றால் போன் செய்யுங்கள். உங்கள் பக்கத்து விளக்கத்தோடு ஆரம்பிக்க வேண்டாம். அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். இன்றைக்கே அந்த ஆறு பேரில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, வியாழக்கிழமை காலை 'பேசினாயா?' என்று கேட்கச் சொல்லுங்கள். அண்ணன் போனை எடுக்காமல் போகலாம், எடுத்துத் திட்டலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்கிறார் பவுல் ரோமர் 12இல். உங்களாலானது முதல் அடி. மீதி அண்ணன் கையிலும் கர்த்தர் கையிலும் இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் ஏன் வரவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். சொல்லுங்கள். அன்றைய பகுதி முடியாமல் போனாலும் பரவாயில்லை.