காத்து ஏன் ஓடிப்போகல சார்?

தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்தோம், மேகம் விலகவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

வியாசர்பாடி, பந்து ஆடும் தம்பி: மேலே வெற்றிடம்தானே? நம்ம காத்தை உறிஞ்சிடாதா?

வெற்றிடத்துக்கு உறிஞ்சத் தெரியாது தம்பி. காற்றுதான் தானாக ஓட வேண்டும். நீ உதைக்கிற பந்து திரும்பி விழுகிறதல்லவா? அதுவே நொடிக்கு 11.2 கி.மீ. வேகத்தில் கிளம்பி, வழியில் தடையும் இல்லையென்றால் திரும்பாது. நைட்ரஜன் மூலக்கூறும் ஒரு குட்டிப் பந்துதான். நம் ஊர் வெயிலில்கூட அதன் சராசரி வேகம் நொடிக்கு அரை கி.மீ. அளவுதான்.

அதே தம்பி: அப்போ எல்லாம் கீழே விழுந்து மண்ணு மாதிரி படிஞ்சிருக்கணுமே?

நல்லா மடக்கினான். படியவிடாமல் வைத்திருப்பதும் அந்த அரை கி.மீ. வேகம்தான். சூடு இருக்கும்வரை மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். கீழே நெரிசல், மேலே போகப் போகக் காலி. காற்றின் எடையில் பாதி ஐந்தரை கி.மீ. உயரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சூடு போனால் நீ சொன்னதுதான் நடக்கும். புளூட்டோவில் நைட்ரஜன் பனியாக உறைந்து கிடக்கிறது.

திருவொற்றியூர் அக்கா: தேரடியில பையன் விட்ட கேஸ் பலூன் எங்க போச்சு?

மேலே போய் வெடித்திருக்கும். உள்ளே ஹீலியம் இருந்திருந்தால், அது ஒருநாள் பூமியை விட்டே போகலாம். எடை குறைந்த வாயுவுக்கு வேகம் ஜாஸ்தி. பாறைகளுக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஹீலியத்தைத் தந்துகொண்டே இருக்கின்றன. ஆனாலும் காற்றில் அது பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான். மிச்சம் கசிந்துவிட்டது. தண்ணீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜனும் நொடிக்குச் சுமார் 3 கிலோ போகிறது. பயப்படாதீங்க, கடல் அவ்வளவு சீக்கிரம் வற்றாது.

எண்ணூர் அண்ணன்: எங்க ஏரியா புகையாவது வெளியே போகுமா?

போகாதுண்ணே. சூட்டில் எழும்பும், ஆறினால் நின்றுவிடும். அப்புறம் நம் தலைக்கு மேலேதான் சுற்றும்.

ராயபுரம், பத்தாம் வகுப்பு மாணவி: நிலாவுல காத்து இல்ல, டைட்டன்ல மட்டும் எப்படி?

தப்பிக்கும் வேகம், அதாவது பந்து திரும்பி விழாமல் போகத் தேவையான வேகம், நிலாவில் நொடிக்கு 2.4 கி.மீ., சனியின் துணைக்கோளான டைட்டனில் 2.6. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நிலாவின் பகல் 100 டிகிரியைத் தாண்டும். டைட்டனிலோ மைனஸ் 179. குளிரில் மூலக்கூறு சோம்பிக் கிடக்கும், ஓடாது. அங்கே காற்றழுத்தம் நம்மைவிட ஒன்றரை மடங்கு.

அவளே: செவ்வாய்க்குக் காந்தப்புலம் இல்லாததாலதான் காத்து போச்சுன்னு படிச்சேனே?

பாதி சரி. சூரியக்காற்று, அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்கள், அங்கே காற்றை அரித்தது உண்மை; 2014 முதல் மேவன் விண்கலம் அதை அளந்து சொன்னது. செவ்வாயின் இழுப்பும் குறைவு. ஆனால் காந்தப்புலத்தின் மேலேயே முழுப் பழியையும் போடுவது எனக்குப் பிடிக்காது. பூமிக்கு இருப்பதுபோலச் சொந்தக் காந்தப்புலம் வெள்ளிக்கும் கிடையாதும்மா. அங்கே 90 மடங்கு அழுத்தத்தோடு காற்று ஓடிப்போகாமல் உட்கார்ந்திருக்கிறதே!