அனுபவிக்காத தண்டனை காலாவதி ஆகுமா? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய தண்டனை பற்றித்தான். பலர் எந்த கோர்ட், என்ன பிரிவு என்றே எழுதவில்லை. எழுதியவர்களுக்கு மட்டும் பதில்.

கே: அடிதடி கேஸில் ஒரு வருடம் தண்டனை. செஷன்ஸில் அப்பீல் போட்டு பெயில் வாங்கினேன். அப்பீல் தள்ளுபடியானதை வக்கீல் சொல்லவில்லை. 20 வருடம் ஆகிவிட்டது, ஜெயிலுக்குப் போகவே இல்லை. இனி செல்லாதுதானே?

செல்லும். மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார், எனக்கும் அலுத்துவிட்டது. உங்களுக்குக் கிடைத்தது விடுதலை இல்லை ஐயா, தண்டனை நிறுத்திவைப்பு. அப்பீல் முடிந்ததும் அதுவும் முடிந்துவிட்டது. அப்போதே சரணடைந்திருக்க வேண்டும். வக்கீல் சொல்லவில்லை என்கிறீர்கள். 20 வருடத்தில் நீங்கள் ஒரு தடவை போய்க் கேட்டிருக்கலாமே? '3 வருடம், 6 வருடம் போனால் தண்டனை செல்லாது' என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்த '3 வருடம்', வழக்கைக் கோர்ட் விசாரணைக்கு எடுப்பதற்கான வரம்பு. '6 வருடம்' அபராதத்தை வசூலிப்பதற்கு. ஜெயில் தண்டனையை நிறைவேற்ற அப்படி ஒரு கெடு கிடையாது. பிடிவாரண்ட் தூங்கும், சாகாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இரண்டு தீர்ப்புக்கும் சான்றிட்ட நகல் எடுங்கள். தாமத மன்னிப்பு மனுவோடு ஹைகோர்ட்டில் சீராய்வு, அதாவது கீழ்க் கோர்ட் தீர்ப்பு சரியா என்று பார்க்கக் கேட்கும் மனு போடுங்கள். 90 நாள் கெடு எப்போதோ போய்விட்டது, தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் வேண்டும். அடிபட்டவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சமரசத்துக்கு உரிய பிரிவாக இருந்தால், தண்டனைக்குப் பிறகும் கோர்ட் அனுமதியோடு ராஜியாகலாம். அது விடுதலைக்குச் சமம். பழைய தண்டனையைத் துடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அது முடியாவிட்டால், வயதையும் கடந்த காலத்தையும் சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம். விசாரணையின்போது உள்ளே இருந்த நாட்கள் கழியும். 2024 ஜூலையில் குற்றவியல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறின, இந்த விஷயம் மாறவில்லை.

கே: 3 வருடம் தண்டனை, உள்ளே போகவில்லை. தீர்ப்பு வந்து 6 வருடம் தாண்டிவிட்டது. எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கலாமா?

நிற்க முடியாது. தேர்தலில் நிற்கத் தடையுள்ள அந்த 6 வருடம் தீர்ப்புத் தேதியிலிருந்து இல்லை, விடுதலையான தேதியிலிருந்து. உள்ளேயே போகாதவருக்கு அது தொடங்கவே இல்லை.

கே: வேலை விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றவரா' என்ற இடத்தில் 'இல்லை' என்று போடலாமா?

கூடாது. சின்ன வழக்கை உண்மையாகச் சொன்னவரைப் பொறுத்துக்கொள்ள வேலை தருபவருக்கு இடம் உண்டு. மறைத்தால் அதுவே வேலையைப் பறிக்கக் காரணமாகிவிடும். 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது.

கே: வாரண்ட் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்?

மறுக்கலாம். முதலில் கோர்ட்டுக்குப் போங்கள், அப்புறம் பாஸ்போர்ட்.

கே: 16 வயதில் ஒரு திருட்டு வழக்கு, சிறார் வாரியம் முடித்துவிட்டது. இப்போது பாதிக்குமா?

பொதுவாகப் பாதிக்காது. சிறார் நீதிச் சட்டம் 24-வது பிரிவு தகுதியிழப்பை நீக்குகிறது, பதிவேடுகளையும் அழிக்கச் சொல்கிறது. வாரிய உத்தரவின் சான்றிட்ட நகல் கையில் இருக்கட்டும்.

கே: தண்டிக்காமல் நன்னடத்தைச் சட்டப்படி விட்டார்கள். நான் குற்றவாளியா?

தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதனால் வரும் தகுதியிழப்புதான் 12-வது பிரிவுப்படி இல்லை. நகல் எடுத்தீர்களா?

கே: ஒருவர் 50,000 ரூபாய்க்கு ரெக்கார்டை அழித்துத் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். வயது வந்தவரின் தண்டனைப் பதிவை அழிக்க நம் நாட்டில் பொதுவான சட்டம் இல்லை. அப்பீல், சீராய்வு, ராஜி என எல்லாமே கோர்ட் வழியாகத்தான். அவர் அழிக்கப்போவது உங்கள் பணத்தை மட்டும்.

கே: என் பழைய கேஸ் என்ன ஆச்சு?

எந்தக் கேஸ்?