வேண்டிக்கொண்டது ஐஐடி, வந்தது வேறு: டெல்லி அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. சஷ்டி தவறாமல் இங்கே மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போயும் மகளுக்கு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் ரேங்க் வரவில்லை. முருகன் ஏன் இப்படிச் செய்தான், இன்னும் ஒரு வருடம் ராஜஸ்தானில் கோச்சிங் சென்டர்கள் நிறைந்த கோட்டா ஊரில் படிக்க வைக்கச் சொல்கிறானா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு உண்டு.

"இன்னும் ஒரு வருடம்" என்று சொல்வது முருகனா, எதிர் ஃபிளாட்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமா? முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் பயம்தான்.

அப்துல் கலாம் டேராடூன் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார்; எடுத்ததோ எட்டுப் பேரை. மனம் உடைந்து ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தரைப் பார்த்தார், விதியை ஏற்றுக்கொள் என்றார் சுவாமி. மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது மிச்சக் கதை. டேராடூனுக்குப் போகும் முன்பே அவர் நம் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்ககம் ஒன்றில் இன்டர்வியூ முடித்திருந்தார். ரிஷிகேஷிலிருந்து நேராக அங்கே போய் விசாரித்தார், வேலை உத்தரவு கைக்கு வந்தது. 1958இல் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார். தெய்வத்தை நம்பியவர்தான், ஆனால் இரண்டு இடத்தில் விண்ணப்பித்திருந்தார்!

உங்கள் மகளுக்கு அந்த இரண்டாவது விண்ணப்பம் ஜாக் டெல்லி கவுன்சலிங், அதாவது டெல்லியின் சில பொறியியல் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் சேர்க்கை. அதற்கு அட்வான்ஸ்டுக்கு முந்தைய தேர்வான ஜேஇஇ மெயின் ரேங்க் போதும். டிடியு (டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), என்எஸ்யுடி (நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), ஐஐஐடி டெல்லி, காஷ்மீரி கேட்டில் பெண்களுக்கென்றே இருக்கும் இந்திரா காந்தி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாம் அதில் வரும். டெல்லிப் பிரிவுக்கு 85% இடங்கள். பூர்வீகம் திருநெல்வேலி என்பதால் நமக்குக் கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. பிளஸ் டூ முடித்த பள்ளி டெல்லியில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அவள் படித்ததோ இங்கே தமிழ்ப் பள்ளியில். அப்புறம் என்ன?

அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருடங்களில்தான் எழுத முடியும், ஆக அவளுக்கு மிச்சம் ஒரே வாய்ப்பு. அதை அவளே கேட்டால் யோசிக்கலாம். உங்கள் வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்பதற்காக வேண்டாம்.

இன்னொன்று. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று இந்த வாரமே அவளிடம் சொல்லாதீர்கள். உங்களுக்கு அது நம்பிக்கை. இரண்டு வருடம் ராத்திரி கண்விழித்துப் படித்தவளுக்கு, அழாதே என்று வாயை மூடுவது போலிருக்கும். சாமி குத்தம் என்ற பேச்சும் அவள் காதில் விழ வேண்டாம். கோவிலுக்கு அவள் வந்தால் கூட்டிப் போங்கள், வராவிட்டால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

கவுன்சலிங் தேதிகளை ஜாக் தளத்தில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கல்லூரி வரிசையை அவளே போடட்டும். அதைத் தளத்தில் மாற்ற முடியாதபடி லாக் செய்வதற்கு முன் எனக்கு அனுப்பினால் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.