அம்மா தேய்த்த காசு

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவில் 14 வருடமாக இருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தங்க நாணயங்கள் சேர்க்கிறேன். மொத்தம் ஒன்பதுதான். அதில் ஆசைப்பட்டு வாங்கியது, 1847இல் டலோனிகா நாணயச்சாலையில் அடித்த ஐந்து டாலர் காசு. தரச்சான்றுக்கு அனுப்ப மேஜைமேல் எடுத்து வைத்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா, அழுக்காக இருக்கிறதே என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த பூந்திக்கொட்டையில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார். 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி, மதிப்பெண் போடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விலை பாதியாகிவிட்டது என்கிறார் வியாபாரி. இரண்டு வாரமாக அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. இதை விற்றுவிட்டு நல்ல தரத்தில் வேறு வாங்கலாமா? இல்லை, வெறும் தங்கக்கட்டியே வாங்கிவைப்பது புத்திசாலித்தனமா? தங்கம் விலை இன்னும் ஏறுமா? சேர்ப்பது என்பதே பேராசைதானோ என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகர்

(மூன்று பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. ஒரு காசுக்காக இரண்டு வாரமா? மேஜைமேல் திறந்து வைத்தவர் நீங்கள். காலமெல்லாம் தோட்டையும் மூக்குத்தியையும் பூந்திக்கொட்டையில் ஊறப்போட்டுத் துலக்கியவர் கண்ணில், தங்கக் காசு ஒன்று மங்கிப்போய்ப் பட்டால் வேறு என்ன செய்வார்? மகன் வீட்டுத் தங்கம் பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு மூன்று பக்கம் எழுதிய நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

தேய்த்தால் என்ன கெட்டுப்போகும் என்று மற்றவர்கள் கேட்பார்கள். அந்தக் காசில் பத்தில் ஒன்பது பங்குதான் தங்கம். மீதி செம்பும் வெள்ளியும். நூற்றெழுபது வருடத்துக்கு மேல் காற்றும் கையும் பட்டு, அதன்மேல் ஒரு தோல் படிந்திருக்கும். டலோனிகாப் பக்கத்துத் தங்கத்தில் இயல்பாகவே வெள்ளி கலந்திருந்ததால் சில காசுகளில் லேசான பச்சைச் சாயல்கூடத் தெரியும். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தத் தோலைத்தான். பிரஷ் பட்டால் அது போய்விடும், போதாததற்கு மயிரிழைக் கீறல்கள் விழும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் அத்தனையும் ஒரே பக்கமாக ஓடுவது தெரியும். சரி, போனது போனதுதான்.

தங்கம் விலை ஏறுமா என்பதை நகைக்கடை வாசலில் நிற்கிற யாரிடமாவது கேளுங்கள். கட்டி வாங்குவதைப் பற்றி என்னிடம் கேட்கவே கேட்காதீர்கள், அந்தச் சொல்லே எனக்கு ஆகாது.

போன மாதம் என் தங்கை பேத்தி கல்யாணத்துக்கு, வீட்டில் இருந்த பழைய அட்டிகையை அழித்து வளையல் செய்தார்கள். கவனித்திருக்கிறீர்களா, நம் வீடுகளில் 'உருக்கினோம்' என்று யாரும் சொல்வதில்லை. 'அழித்துச் செய்தோம்' என்றுதான் சொல்கிறோம், அதுவும் சந்தோஷமாக, பந்திக்கு இலை போட்டோம் என்கிற மாதிரி. அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

என் அப்பாயி கழுத்தில் ஒரு காசு மாலை இருந்தது. தகட்டில் அச்சடித்த காசு இல்லை, பதினோரு அசல் இங்கிலாந்துப் பவுன். ஒரு பக்கம் விக்டோரியா ராணி. மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், குளம்படியில் ஏதோ பிராணி. அது ஐயனார் என்று அப்பாயி சொல்லியிருந்தது. ஆங்கில வாத்தியார் ஒருவர் சிரிக்கும்வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ராணியின் தலைக்கு மேலே வளையம் பற்றவைத்திருக்கும். மடியில் படுத்தால் ஒரு காசு கன்னத்தில் ஜில்லென்று படும்.

சின்ன அத்தை கல்யாணத்துக்கு அதை அழித்தார்கள். பத்தர் எங்கள் திண்ணைக்கே வந்து குமுட்டி மூட்டினார். வளையங்களைக் கத்தரித்துவிட்டு, மூசையில், அதாவது தங்கம் உருக்கும் கிண்ணத்தில், மூன்று மூன்றாகப் போட்டார். ஊத ஊத முதலில் ஒன்றுமே ஆகவில்லை. ராணி செக்கச்செவேலென்று கிடந்தார், மூக்கும் கொண்டையும் அப்படியே. பிறகு விளிம்பு மெல்லத் தொய்ந்தது. அடுத்த ஊதலில் ராணியும் இல்லை, குதிரையும் இல்லை, காய்ச்சின நெய்மாதிரி ஒரு சொட்டு ஆடிக்கொண்டிருந்தது. எல்லாரும் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாயி மட்டும் "ஐயனாரைப் போட்டு எரிச்சிட்டமேடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. எனக்கு அப்போது எட்டு வயது.

உங்கள் ஐந்து டாலர் காசு 8.36 கிராம். நம் பவுனைவிட மூன்று குன்றிமணி கூடுதல், அவ்வளவுதான். அப்பாயி மாலையில் ஒரு காசாகத் தொங்கியிருக்கலாம்.

நீங்கள் அரிது அரிது என்று எழுதி, தரச்சான்றில் 70க்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று தவித்திருக்கிறீர்கள். அரிது என்றால் மூசைக்குத் தப்பியது, வேறொன்றும் இல்லை. 1822இல் 17,796 ஐந்து டாலர் காசுகள் அடித்ததாக நாணயச்சாலைக் கணக்கு. இன்று இருப்பது மூன்று! இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மூன்றாவது 2021இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மற்றதெல்லாம் என்ன ஆயிற்று? அழித்துவிட்டார்கள். அமெரிக்காவின் 1792 நாணயச் சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று விகிதம் வைத்தது. ஐரோப்பாவில் அதைவிடக் கூடுதல் வெள்ளி கிடைத்தது. அப்புறம் என்ன, காசைக் கப்பலேற்றி உருக்கினாலே லாபம். 1834இல் விகிதத்தைப் பதினாறாக்கிக் காசில் தங்கத்தைக் குறைத்தார்கள். உடனே பழைய காசு ஒவ்வொன்றும் தன் முகத்தில் எழுதியதைவிட அதிகம் பெறுவதாகிவிட்டது. மிஞ்சியிருந்ததும் மூசைக்குப் போனது. யாரும் கெட்டவர்கள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான்.

1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆணை போட்டார்: வீட்டில் இருக்கும் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுங்கள், அவுன்சுக்கு 20.67 டாலர். பெட்டி பெட்டியாக வந்த காசுகளை உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். கட்டி எனக்கு ஏன் ஆகாது என்று இப்போது புரிந்திருக்கும். அந்த ஆணையில் ஒரு விலக்கு இருந்தது. சேகரிப்பவர்களுக்குச் சிறப்பு மதிப்புள்ள அரிய நாணயங்களைக் கொடுக்க வேண்டாம் என்று அரை வரி. அது இல்லாவிட்டால் இன்று உங்களுக்கு வாங்க என்ன இருந்திருக்கும்? எங்கள் திண்ணையில் அப்படி அரை வரி சொல்ல ஒரு ஆள் இல்லை.

உங்கள்மேல் எனக்கு வேறொரு வருத்தம் உண்டு. மூன்று பக்கத்தில் விலை பதினாறு இடத்தில் வருகிறது. டலோனிகா என்ற ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை. வடக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வந்துவிடும் ஊர். அந்தப் பெயரே செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் சொல், மஞ்சள் என்று பொருள். அவர்கள் மண்ணில் தங்கம் கிடைத்ததும், அவர்களே அதைத் தோண்டக்கூடாது என்று ஜார்ஜியா மாநிலம் சட்டம் போட்டது. 1832இல் அந்த நிலத்தை நாற்பது நாற்பது ஏக்கராக அளந்து வெள்ளையர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தது. நாணயச்சாலை காசு அடிக்கத் தொடங்கியது 1838இல். அதே வருடம் மே மாதம் துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் செரோக்கிகளை வீடு வீடாகப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். பிறகு மேற்கே நடக்கவிட்டார்கள். ஏறத்தாழ நாலாயிரம் பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தத் தங்கமும் ஒன்றை அழித்துச் செய்ததுதான். காசைத் திருப்பிப் பாருங்கள், கழுகின் காலடியில் குட்டியாக 'டி' என்ற எழுத்து இருக்கும். அடித்த ஊரின் முதலெழுத்து அது. டென்வர் இல்லை, டென்வரில் 1906இல்தான் காசு அடிக்கத் தொடங்கினார்கள். இது டலோனிகா. முன்பக்கப் பெண்ணின் தலைப்பட்டையில் 'சுதந்திரம்' என்று எழுதியிருக்கும். அதையும் படியுங்கள்.

விற்பதா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். விற்காதீர்கள். டலோனிகாக் காசுகளில் பூந்திக்கொட்டை கண்டது அநேகமாக உங்களுடையது ஒன்றுதான், அதைவிட அரிதாக எதை வாங்கப்போகிறீர்கள்? பேராசை என்பது ஒன்பது காசுக்குப் பெரிய சொல். விடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அம்மாவை அங்கே அழைத்துப்போங்கள். நாணயச்சாலை 1861இல் உள்நாட்டுப் போரோடு மூடியது, 1878இல் எரிந்தும் போனது. ஆனால் ஊர்ச் சதுக்கத்தில் 1836இல் கட்டிய பழைய நீதிமன்றம் இருக்கிறது, இப்போது அதுதான் தங்க அருங்காட்சியகம். அந்த ஊரில் அடித்த காசுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் ஏன்டா இவ்வளவு அழுக்கா வச்சிருக்கான்?" என்று கேட்பார். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.