மெக்சிகோ சிட்டியில் ஐந்து மாதம்: குழந்தைகளோடு ஊர் சுற்ற பேக்கேஜ் எதற்கு?

கேள்வி: கணவருக்கு மெக்சிகோ சிட்டியில் வேலை. நவம்பர் நடுவில் நானும் 6 வயது மகளும் 3 வயது மகனும் போய் ஐந்து மாதம் தங்கப் போகிறோம். எங்கள் மூவர் பாஸ்போர்ட்டிலும் அமெரிக்க விசா இருக்கிறது. கணவர் அலுவலகம் போன பிறகு இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தனியாக வெளியே போக முடியுமா என்று பயமாக இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் பத்து நாள் 'குடும்ப நகர் உலா' பேக்கேஜ் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மெக்சிகோவில் தங்க அனுமதித்த நாள் போதவில்லை என்றால் அதை அங்கேயே நீட்டித்தும் தருவாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உலாவும் வேண்டாம், நீட்டிப்பும் வேண்டாம். பேக்கேஜ் என்பது நான்கு நாளில் ஊரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியவருக்கானது. இடைத்தரகர் விற்பது அவசரத்தைத்தான். கையில் ஐந்து மாதம் இருப்பவர் அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

முதலில் நீட்டிப்பு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோவின் சுற்றுலா விசா தேவையில்லை. உச்ச வரம்பு 180 நாள். ஆனால் உங்களுக்கு எத்தனை நாள் என்பதை முடிவு செய்பவர் விமான நிலையக் கவுண்டரில் இருக்கும் குடியேற்ற அதிகாரி. முத்திரைக்குப் பக்கத்தில் பேனாவால் ஓர் எண்ணை எழுதுவார். அந்த எண்தான் சட்டம். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, கணவரின் வேலைக் கடிதம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து மாதம் என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். கவுண்டரை விட்டு நகரும் முன் மூன்று பாஸ்போர்ட்டையும் திறந்து பாருங்கள். அம்மாவுக்கு ஒரு எண், மகனுக்கு வேறு எண் என்று எழுதிய பாஸ்போர்ட்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒரே குடும்பம், ஒரே விமானம், ஒரே கவுண்டர். இருந்தும் எண்ணுக்குக் காரணம் எழுதும் வழக்கம் கிடையாது. தவறு இருந்தால் அங்கேயே, அப்போதே திருத்தச் சொல்லுங்கள். வெளியே வந்துவிட்டால் நாட்டுக்குள் இருந்துகொண்டு அந்த எண்ணைக் கூட்ட வழியில்லை. குடியேற்ற அலுவலக வாசலில் ஃபைலோடு நிற்பவர், 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்பவர், உங்கள் ஏஜென்ட் எல்லோரும் விற்பது இல்லாத சரக்கை.

இனி ஊர். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நம் ஊட்டி உயரத்தில் இருக்கிறது. முதல் சில நாள் குழந்தைகள் சிணுங்குவார்கள், தலை வலிக்கிறது என்பார்கள், சீக்கிரம் தூங்கிவிடுவார்கள். அந்த நாட்களில் வீட்டுப் பக்கத்துப் பூங்காவே போதும். இறங்கிய மறுநாள் காலை மலைக்கோட்டை, மதியம் அருங்காட்சியகம் என்று போடும் பேக்கேஜ்காரர் பிள்ளை வளர்த்தவராக இருக்க முடியாது. தண்ணீர் அங்கே 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கரைப் பெட்டியில் வையுங்கள். குடிக்கவும் பல் துலக்கவும் 20 லிட்டர் கேன் தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

தனியாகப் போகலாமா என்றால், பகலில் தாராளமாகப் போகலாம். ரோமா, கொண்டேசா, நார்வார்த்தே, கொயோவாகான் போன்ற பகுதிகளில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் தாய்மார்களைத் தெருவெங்கும் பார்ப்பீர்கள். மரவேர்கள் நடைபாதையைத் தூக்கிவிட்டிருக்கும். பல மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இல்லை, இருப்பதும் ஓடும் என்று நம்ப முடியாது. பெரிய தள்ளுவண்டியை விட்டுவிட்டு, மகனை முதுகில் கட்டிக்கொள்ளும் பை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் 'டாக்ஸி, டாக்ஸி' என்று பெட்டியைப் பிடிப்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். உள்ளேயே முன்பணம் கட்டும் டாக்ஸிக் கவுண்டர்கள் இருக்கின்றன.

மெட்ரோ எவ்வளவு தூரத்துக்கும் 5 பெசோ. 5 வயதுக்குக் கீழே இலவசம். நெரிசல் நேரத்தில் முன்பக்கப் பெட்டிகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் காலையும் மாலையும் நெரிசலைத் தவிர்த்துப் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். பேக்கேஜ்காரர் ஏ.சி. வேனில் கூட்டிப்போய் உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் செய்யும் வேடிக்கை இந்த மெட்ரோவில்தான் இருக்கிறது. 1969இல் திறந்தபோதே, எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் வைத்தார்கள். சாபுல்தெபெக்குக்கு வெட்டுக்கிளி, கொயோவாகானுக்கு ஓநாய் போன்ற கொயோட்டி. உங்கள் மகள் ஒரே வாரத்தில் உங்களுக்கு வழி சொல்வாள். தாலிஸ்மான் நிலையத்தின் படம் மாமத் யானை. ரயில் பாதை தோண்டியபோது கிடைத்த அதன் எலும்புகளை நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். பீனோ சுவாரெஸ் நிலையத்தில் வண்டி மாறும் வழியில், வானம் தெரியும் முற்றத்தில், ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட ஆஸ்டெக்குகள் காற்றுக் கடவுளுக்குக் கட்டிய வட்ட மேடை நிற்கிறது. மக்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் பார்க்க ரயில் டிக்கெட் போதும்.

நுழைவுக் கட்டணத்தில்தான் ஏமாற்று அதிகம், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மானுடவியல் அருங்காட்சியகம், சாபுல்தெபெக் கோட்டை இரண்டும் அரசின் தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்தைச் சேர்ந்தவை. அங்கெல்லாம் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு எந்த நாளும் கட்டணம் இல்லை. உங்கள் ஏஜென்ட்டின் பட்டியலில் 'குழந்தை நுழைவு' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, 'ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலவசம்' என்பார்கள். எல்லோருக்கும் இல்லை. மெக்சிகோ குடிமக்களுக்கும், அங்கே குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டவருக்கும்தான். உங்கள் கணவரிடம் வேலைக்கான குடியிருப்பு அட்டை இருந்தால் அதைக் காட்டி அவர் இலவசமாக நுழையலாம். நீங்கள் முத்திரையோடு வந்த பார்வையாளர்; ஐந்து மாதம் என்ன, 180 நாள் இருந்தாலும் பார்வையாளரே. டிக்கெட் வாங்க வேண்டும். கணவரின் அட்டை குடும்பத்துக்கே செல்லும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அட்டை ஆளுக்குத்தான். ஆக, வீட்டில் ஒரே ஒருவர் காசு கொடுக்கப் போகிறீர்கள், அது நீங்கள். ஞாயிறு கூட்டத்தில் இடிபட உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. செவ்வாய், புதன் காலையில் போங்கள். மானுடவியல் அருங்காட்சியகத்தில், மழைக் கடவுள் த்லாலோக் என்று சொல்லப்படும் பெருஞ்சிலையை வாசலில் காட்டி, உள்ளே ஓர் அறை மட்டும் பார்த்துவிட்டு, குழந்தைகள் சலிக்கும் முன் வெளியே வந்துவிடுங்கள். மீதி அறைகளுக்கு அடுத்த வாரம் இருக்கிறது.

திங்கட்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும். சாபுல்தெபெக் வனத்தின் முதல் பகுதியும் அதற்குள் இருக்கும் இலவச மிருகக்காட்சி சாலையும் அப்படித்தான். அன்று துணி துவையுங்கள்.

ஞாயிறு காலையில் ரிஃபோர்மா பெருஞ்சாலையில் கார்களை நிறுத்திவிட்டு, மதியம் இரண்டு மணி வரை சைக்கிளுக்கு விடுகிறார்கள். மகளுக்கு அதைவிடப் பெரிய மைதானம் கிடைக்காது.

ஊரின் தெற்கே கால்வாய்கள் நிறைந்த பகுதியான சோச்சிமில்கோவின் வண்ணப் படகுகளுக்கு மட்டும் ஒரு கடுமையான எச்சரிக்கை. படகுத்துறைக்குப் போகும் சாலையில் சைக்கிளில் வந்து, அதிகாரி போலக் கை காட்டி நிறுத்தி, 'துறை இந்தப் பக்கம்' என்று வழி மாற்றுவார்கள். நிற்காதீர்கள். கட்டணம் படகுக்கு, மணிக்கு இவ்வளவு என்று அதிகாரபூர்வமாக நிர்ணயிக்கப்பட்டு, துறையில் பலகையில் எழுதப்பட்டிருக்கும். தலைக்கு இவ்வளவு என்று யார் சொன்னாலும் திரும்பி நடங்கள், பத்தடியில் கூப்பிடுவார். படகின் பக்கவாட்டில் தடுப்பு அநேகமாக இருக்காது. மகனுக்கு மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்ட பிறகே ஏறுங்கள்.

தெருவில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலித்தால் என்ன செய்வது என்பதை வீட்டின் உரிமையாளரிடம் முதல் நாளே கேளுங்கள். ஊர் முழுக்க ஒலிபெருக்கி உண்டு. கிடைக்கும் அவகாசம் பல நேரங்களில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மற்றபடி, தினமும் லாரியிலிருந்து கேட்கும் சிறுமியின் குரலுக்குப் பயப்பட வேண்டாம். பழைய மெத்தை, குளிர்பதனப் பெட்டி வாங்குகிறோம் என்று கூவும் பதிவு அது.

உணவில் உங்கள் பிள்ளைகள் தோற்க மாட்டார்கள். மாங்காயில் மிளகாய்த்தூளும், மிட்டாயில் புளியும் போடும் ஊர் அது. சைவம் என்றால் பீன்ஸில் பன்றிக் கொழுப்பும் சோற்றில் கோழிச் சாறும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் அங்கே இருக்கும்போது ஜனவரி 6 வரும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் குழந்தைகளுக்குப் பொம்மை கொண்டுவரும் நாள். ரோஸ்கா என்ற வளைய ரொட்டியை வெட்டுவார்கள், அதற்குள் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மை இருக்கும். மகனின் துண்டை நீங்களே பிய்த்துப் பார்த்துவிட்டு அவன் கையில் கொடுங்கள். பொம்மை உங்கள் துண்டில் வந்தால், பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால் (சோள மாவை இலையில் சுற்றி அவிக்கும் பலகாரம்) வாங்கித் தர வேண்டியவர் நீங்கள்தான்.